மொன்றியலில் எமிருக்குக் கட்டிய மாலை

வியாழக்கிழமை பிற்பகல். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டிகள் வரும் பட்டை சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் நின்றே போய்விட்டது. என் பெட்டி வந்தது. அண்ணன் வீட்டுக்கென்று நான் அடைத்துக்கொண்டு வந்த பிஸ்கட் டின்களும் நசுங்காமல் வந்தன. எமிரின் பெட்டிதான் வரவில்லை. அதற்குள்தான் அவருடைய ஒரே நல்ல சூட் இருந்தது.

எமிர் வேல்ஸ் நாட்டுக்காரர். பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்துவிட்டு அரசியலுக்கு வந்தவர். கார்டிஃபில் இருக்கும் வேல்ஸ் சட்டமன்றத்தில் எங்கள் சின்னக் கட்சியின் உறுப்பினர். நான் சுவான்சியில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளராக இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரி; கட்சியின் உள்ளூர்க் கிளைக்குச் செயலாளர். சிறிய மொழிகளைப் பள்ளிகளில் கற்பிப்பது பற்றி மொன்றியலில் இரண்டு நாள் கூட்டம் ஒன்று. அதற்காக எமிர் வந்தார். என் பெரியப்பா மகன் யேசுதாசன் அண்ணை இங்கே இருப்பதால் நானும் விடுப்பு எடுத்துக்கொண்டு அதே விமானத்தில் தொற்றிக்கொண்டேன். இது 2008 நவம்பர்.

விமானத்தில் எமிர் என்னிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்திருந்தார். எங்கள் கட்சித் தலைவர் விலகிவிட்டார். புதிய தலைவர் பதவிக்கு மனுக் கொடுக்க வரும் திங்கட்கிழமை மாலைதான் கடைசி. போட்டியிடுவதா விடுவதா என்று எமிருக்கு ஒரு மாதமாகத் தூக்கமில்லை. "ஞாயிற்றுக்கிழமை உங்கள் தமிழ் ஆட்களின் கூட்டத்தில் நான் பேசுகிறேன் அல்லவா? என்னை முன்பின் தெரியாதவர்கள். நான் பேசும்போது அவர்களுடைய முகங்களைப் பாருங்கள், ரெஜினா. பார்த்ததை மறைக்காமல் சொல்லுங்கள். வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் நான் விட்டுவிடுகிறேன்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டேன்.

யேசுதாசன் அண்ணை விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றும் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறார். வேலை முடிந்த கையோடு எங்களை ஏற்ற வந்திருந்தார். எமிரின் மெல்லிய மழைக்கோட்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"உந்தக் கோட்டோட வெளியில வந்தா மனுசன் விறைச்சுப் போவார், தங்கச்சி" என்று சொல்லி, காரின் பின்பக்கத்திலிருந்து தன் வேலைச் சட்டையை எடுத்துக் கொடுத்தார். பஞ்சு வைத்துத் தைத்த கறுப்பு ஜாக்கெட். முதுகில் நிறுவனத்தின் பெயர், கையில் மஞ்சள் பட்டி. எமிர் அதைப் போட்டுக்கொண்டு, "நல்ல சூடு" என்று சந்தோஷப்பட்டார். டோர்வலில் இருந்து சென்ட் லோரன்ட்டில் உள்ள அண்ணை வீட்டுக்குப் பத்துக் கிலோமீற்றர் வரும். வழிநெடுக வீதியோரம் உருகிய பனி சேறாகக் கிடந்தது.

வெள்ளிக்கிழமை மாலை எமிரின் அன்றைய கூட்டம் முடிந்ததும் இருவரும் மெட்ரோவில் ஊரைச் சுற்றினோம். ஒருவருக்கு இரண்டு டாலர் எழுபத்தைந்து சதம். கியூபெக் மாகாணத் தேர்தல் நேரம் அது. மெட்ரோவை விட்டு மேலே ஏறினால் மின்கம்பம் தவறாமல் முகங்கள். சிரிக்கும் முகம், யோசிக்கும் முகம், கன்னத்தில் கைவைத்த முகம். எங்கள் வேல்ஸில் தேர்தல் என்றால் தோட்டத்து வேலியில் கட்சியின் பெயரையும் நிறத்தையும் கட்டுவதோடு சரி.

"நாங்கள் ஏன் முகத்தைப் போடுவதில்லை?" என்று கேட்டேன்.

"போட்டால் யார் இவர் என்று தொலைபேசி எடுத்துக் கேட்பார்கள்" என்றார் எமிர்.

சிரித்தேன். ஆனால் அது பகிடி இல்லை. சென்ற வருடம் முதல் வேல்ஸில் மருந்துச் சீட்டுக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. அதைச் செய்தது கார்டிஃபில் உள்ள சட்டமன்றம். என் கடைக்கு வரும் கிழவர் ஒருவர் மருந்துப் பையை வாங்கிக்கொண்டு, "லண்டன்காரர்களுக்கு இப்போதாவது புத்தி வந்ததே" என்று சொல்லிவிட்டுப் போவார். நான் எத்தனை தரம் திருத்தினாலும் அடுத்த மாதமும் அதையேதான் சொல்வார். நல்ல காரியம் நடக்கிறது, அதற்கு ஒரு முகம் இல்லை. முகமில்லாத சட்டமன்றத்தை ஒருநாள் யாராவது இழுத்து மூடினாலும் மக்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்களோ என்பதுதான் என் பயம். எங்கள் கட்சியில் மட்டுமா? எல்லாக் கட்சியிலும் இதே கதைதான். படித்தவர்கள், நேர்மையானவர்கள், குழுக்கூட்டங்களில் கெட்டிக்காரர்கள். ஆனால் அறைக்குள் நுழைந்தால் ஒருவரும் தலை நிமிர்த்திப் பார்ப்பதில்லை.

சனிக்கிழமை. எமிரின் பெட்டி இன்னும் வரவில்லை. அண்ணையின் மனைவியான என் மச்சாளும் நானும் சந்தைக்குப் போய்ப் பன்னிரண்டு டாலருக்கு வெள்ளையும் சிவப்புமாகக் கார்னேஷன் பூ வாங்கிவந்து மாலை கட்டினோம். ஞாயிறு திருப்பலிக்குப் பிறகு கத்தோலிக்கக் கோயில் மண்டபத்தில் ஒன்றுகூடல். எமிரோடு, மாகாணத் தேர்தலில் அந்தத் தொகுதிக்கு நிற்கும் வேட்பாளரும் வருகிறார். ஓர் இளம் பெண் வழக்கறிஞர். வேட்பாளருக்குப் பொன்னாடை, வெளிநாட்டுத் தலைவருக்கு மாலை என்று தமிழ்ச் சங்கத்தில் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. எமிரைத் தலைவர் என்று அண்ணை எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

"இன்னும் ஆகேல்லை, அண்ணை. போட்டியிடுறாரோ எண்டே தெரியாது" என்றேன்.

"மாலை விழுந்தா ஆகிடுவார். நீ பேசாமல் இரு" என்றார் அண்ணை.

ஞாயிற்றுக்கிழமை. நடந்ததை ஒழுங்காகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நடந்தபோது நான் அங்கே இல்லை. எமிரையும் என்னையும் வாசலில் இறக்கிவிட்டு அண்ணை காரை நிறுத்த இடம் தேடிப் போனார். என் இரண்டு கையிலும் வடைத் தட்டுகள். "நீங்கள் உள்ளே போங்கள், நான் இதைச் சமையலறையில் வைத்துவிட்டு வருகிறேன்" என்று எமிரை அனுப்பினேன். குசினியில் மச்சாளின் சிநேகிதிகள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். எப்போது வந்தது, எத்தனை பிள்ளைகள், அங்கே குளிர் எப்படி என்று விசாரித்து முடிப்பதற்குள் மண்டபத்தில் கைதட்டல் கேட்டது. மாலை விழுந்துவிட்டது என்று நிம்மதியாகத்தான் வெளியே வந்தேன்.

மேடையில் வேட்பாளர் பொன்னாடையோடு நின்றார். அவருக்குப் பக்கத்தில் ஆறடி உயரம், வெள்ளிபோல் நரைத்த தலை, நீண்ட கம்பளிக் கோட்டு, கழுத்தில் எங்கள் கார்னேஷன் மாலை. கைகூப்பிக்கொண்டு நின்ற அந்த மனிதரை நான் முன்பின் பார்த்ததில்லை.

எமிரைத் தேடினேன். மேடைக்குப் பின்னால், ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன், மஞ்சள் பட்டி போட்ட ஜாக்கெட்டோடு முழங்காலில் இருந்தார். கையில் ஒரு வயர்.

நடந்தது இதுதான். மைக் காலையிலிருந்து கரகரத்திருக்கிறது. திருத்துவதற்கு ஆளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து முதுகில் நிறுவனப் பெயரோடு ஒரு வெள்ளைக்காரர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தால் வேறு என்ன நினைப்பார்கள்? "மெர்சி, மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிக் கையைப் பிடித்துக் கொண்டுபோய் ஒலிபெருக்கியின் முன் விட்டுவிட்டார்கள். இல்லை என்று சொல்ல எமிருக்கு வாய் வராது. அவருக்குத் திருத்தவும் தெரியாது. ஆனால் செருகியை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால் மைக் வேலை செய்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார். அப்போது வேட்பாளரோடு இந்த உயரமானவரும் வர, சங்கத் தலைவர் மரியநாயகம் மாஸ்டர் ஆளைப் பார்த்தார், தோற்றத்தைப் பார்த்தார், மாலையைப் போட்டுவிட்டார். அந்த உயரமானவர் வேட்பாளரின் கார்ச் சாரதி. பிரெஞ்சு தவிர வேறு தெரியாது. தமிழர்கள் வருகிறவர்களுக்கெல்லாம் மாலை போடுவார்கள் என்று நினைத்து மிகவும் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

நான் ஓடிப்போய், "எழும்புங்கள், எமிர்!" என்றேன்.

"கையை எடுத்தால் சத்தம் நின்றுவிடும்" என்றார் மெதுவாக. "வேட்பாளர் பேசி முடிக்கட்டும்."

திரையோரமாக நின்று மண்டபத்தைப் பார்த்தேன். அந்தப் பெண் பேசினார். பிரெஞ்சில்தான் பேசினார். மண்டபத்தில் பாதிப் பேருக்கு முழுதாக விளங்கியிருக்காது. ஆனால் ஒருவரும் அசையவில்லை. முன்வரிசையில் அழுத குழந்தையைப் பார்த்து இடையில் ஏதோ சொன்னார். தாய் சிரித்தாள், பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், கடைசி வரிசை ஏனென்று தெரியாமலே சிரித்தது. ஒவ்வொருவரையும் காணத்தான் இத்தனை தூரம் வந்தவர் போலப் பார்த்தார். இவரை அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் கார்டிஃபில் இறக்கிவிட முடியாதா என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. எங்கள் தலைவராகவேண்டியவர் கீழே முழங்காலில் இருந்தபடி அவருடைய மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் அண்ணை வந்து விஷயம் தெரிந்து தலையில் கை வைத்தார். மாஸ்டருக்கு வியர்த்துவிட்டது.

"கழட்டி இவருக்குப் போடுவமோ?" என்றார் மாஸ்டர்.

"ஒருத்தர் கழுத்தில விழுந்த மாலையை மற்றவருக்குப் போடுறதோ, மாஸ்டர்? அது மரியாதையில்லை" என்றார் அண்ணை.

வேறு மாலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூவும் இல்லை. கடைசியில், "எங்கட விருந்தாளி வேல்ஸில இருந்து வந்திருக்கிறார்" என்று அறிவித்து வெறும் கைதட்டலோடு எமிரை மேடைக்கு அழைத்தார்கள். எமிர் கையை எடுத்தார். மைக் செத்தது. மண்டபம் சலசலத்தது. யாராவது பிடிக்க வேண்டும். நான் பக்கத்தில் நின்றேன். யோசிக்கவே இல்லை; முழங்காலில் இருந்து வயரைப் பிடித்துவிட்டேன்.

பிடித்த பிறகுதான் உறைத்தது. அந்த இடத்திலிருந்து எனக்குத் தெரிந்தது மேடையின் திரையும், எமிரின் சப்பாத்துக் குதியும் மட்டும்தான். ஒரு முகம்கூடத் தெரியவில்லை. முகம் பார்க்க வந்தவள் நான்.

எமிர் வேல்ஸ் மொழியைப் பற்றிப் பேசினார். வகுப்பில் தாய்மொழி பேசியதற்காகப் பிள்ளைகள் தண்டிக்கப்பட்ட பழைய காலம், மீட்டெடுத்த பள்ளிகள், இன்று அவருடைய மகள் படிக்கும் வகுப்பு. நல்ல விஷயம்தான். மண்டபம் அமைதியாக இருந்தது. கேட்கிற அமைதியா, சாப்பாடு எப்போது என்று காத்திருக்கிற அமைதியா? எனக்குத் தெரியவில்லை. ஒரு கதிரை இழுபட்டது. யாராவது எழுந்து போகிறார்களோ? ஓர் இருமல். பிறகு கைதட்டல். நீளமாகத்தான் இருந்தது, ஆனால் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் நீளமாகத் தட்டுவார்கள். என் கை மரத்துப் போயிருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் மச்சாளை ஒதுக்குப்புறமாக இழுத்துக்கொண்டு போனேன். "உண்மையைச் சொல்லுங்கோ. எமிர் எப்பிடிக் கதைச்சவர்?"

மச்சாள் கொஞ்சம் யோசித்தார். "நல்ல மனுசன்."

"அந்தப் பெண்?"

"ஐயோ, என்ன மாதிரிக் கதைச்சவ!" மச்சாளின் கண் விரிந்தது. "பாத்துக்கொண்டே இருக்கலாம். எங்கட வோட்டு அவவுக்குத்தான்."

"என்ன சொன்னவ?"

"அது எனக்கு முழுக்க விளங்கேல்லை. பேந்து மகளிட்டக் கேக்கவேணும்."

இதைச் சொல்லி மச்சாளை நான் கேலி செய்யவில்லை. அந்தப் பெண்ணைச் சுற்றி இளம் பிள்ளைகள் மொய்த்துக்கொண்டு நின்றார்கள். தேர்தலில் இதுவரை வாக்கே போடாத ஒருவர் வாக்குச்சாவடி எங்கே என்று அவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். அரசியல் பிடிக்காதவர்களை அரசியலுக்கு இழுக்கிற அந்தக் கவர்ச்சியை வெறும் வேஷம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. எமிர் ஒரு மூலையில் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாலை போட்ட சாரதி அவரோடு சைகையில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலையே விமானம். பெட்டி கார்டிஃபுக்கே அனுப்பப்படும் என்று விமான நிலையத்தில் சொன்னார்கள். அண்ணை ஜாக்கெட்டைத் திருப்பி வாங்கும்போது எமிரின் கையைப் பிடித்துக்கொண்டு, "சொறி, சேர், சொறி" என்று திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். எல்லாப் பழியும் அந்த ஜாக்கெட்டின் மேல் என்று அவருக்கு நம்பிக்கை.

எமிருக்கு அந்த நம்பிக்கை இல்லை. விமானம் ஏறியதும் சொன்னார்: "கார்டிஃபில் சூட் போட்டுக்கொண்டு நிற்கும்போதும் என்னிடம்தான் லிஃப்ட் எங்கே என்று கேட்கிறார்கள்." பிறகு என் பக்கம் திரும்பினார். "என்ன பார்த்தீர்கள்?"

"ஒரு முகத்தையும் பார்க்கவில்லை. வயரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் மச்சாளிடம் கேட்டேன். நல்ல மனிதர் என்றார்."

எமிர் இருக்கைப் பட்டியைப் பூட்டினார். "வேல்ஸிலும் அப்படித்தான் சொல்வார்கள். தோற்றவனைப் பற்றி" என்றார். "அந்த மண்டபத்தில் உங்களுக்கு ஒரு வாக்கு இருந்திருந்தால்?"

மறைக்காமல் சொல்வதாகத் தலையாட்டியிருந்தேன். "அந்தப் பெண்ணுக்கு."

"நானும்தான்" என்றார். அவருக்குக் கோபம் இல்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

"அப்படியென்றால் அப்படி ஒருவரைத் தேடுவோம். நான் விலகிக்கொள்கிறேன். உள்ளே நுழைந்ததும் மாலையோடு ஓடிப்போகத் தோன்றுகிற ஒருவர். சொல்லுங்கள், யார்?" என்றார் எமிர்.

யோசித்தோம். ஒருவருக்கு எல்லாம் தெரியும், ஆனால் தரையைப் பார்த்தபடிதான் பேசுவார். இன்னொருவர் சிரித்தாரென்றால் அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று மனைவி கேட்பார். நல்ல குரல் உள்ளவர் ஒருவர் இருக்கிறார்; லண்டன் நாடாளுமன்றத்துக்குப் போக இடம் பார்த்துக்கொண்டிருக்கிறார். எங்கள் கட்சியில் தேடி முடித்து, எதிர்க்கட்சிகளிலாவது ஒருவர் கிடைப்பாரா என்றுகூடப் பார்த்தோம். ஹீத்ரோவில் இறங்கும்வரை ஒரு பெயர் வரவில்லை.

திங்கட்கிழமை. கார்டிஃபில் மழை. வேறு பெயர் இல்லாததால், பேருந்தை விட்டு இறங்கி நேரே கட்சி அலுவலகத்துக்குப் போய் எமிரே மனுக் கொடுத்தார். முன்மொழிந்தவள் நான். கொடுத்துவிட்டு இருவரும் அங்கேயே உட்கார்ந்து தேநீர் குடித்தோம். கதவு திறக்கும்போதெல்லாம் நான் நிமிர்ந்து பார்த்தேன்; யாராவது வரட்டும், எமிரைத் தோற்கடிக்கக்கூடிய ஒருவர் வரட்டும் என்று உண்மையிலேயே வேண்டிக்கொண்டேன். தபால்காரர் வந்தார். வேறொருவரும் வரவில்லை. மாலையானதும் எமிர் போட்டியின்றித் தெரிவானார் என்று அறிவித்தார்கள். அலுவலகத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். எனக்குப் பயமாக இருந்தது.