சர்ஜனுக்குப் போட்ட மாலை

மேகநோய், அதாவது பால்வினை நோய், பார்க்கிற டாக்டர் வேலையில் ஒரு வசதி, குணமானவன் எவனும் வணக்கம் சொல்லித் தொந்தரவு செய்யமாட்டான். ஐம்பதுகளில் புதுக்கோட்டைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அந்த வேலைதான் பார்த்தேன். நன்றி கிடைக்காத உத்தியோகம் பார்க்கிறவர்களே, என் எரிச்சல் உங்களுக்குப் புரியும்.

கோயிலில்

எங்கள் சர்ஜனோடு திருக்கோகர்ணம் கோயிலுக்குப் போனேன். அவருக்கு அடிக்கொரு கும்பிடு. ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் குடும்பத்தோடு வந்து நின்றார்கள். நான் ஊசி போட்டுத் தேற்றிய இரண்டு பேரும் அங்கே இருந்தார்கள். என்னைக் கண்டதும் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சர்ஜன் வெகுளியாகக் கேட்டார்: "என்ன சார், ஊர்ல ஒங்களுக்கு ஒருத்தரும் பழக்கமில்லையா?"

ஊக்குக் கிருமி

கட்டுமாவடி மீன் வியாபாரி முத்தையாவுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். ஆண்குறியில் ஆறாத புண். சர்ஜன் புற்று என்று முடிவுகட்டி, வெள்ளிக்கிழமை குறியையே வெட்டி எடுப்பதாகச் சொல்லிவிட்டார். நர்ஸம்மா சொல்லி என்னிடம் வந்தான். செக்கச்செவேலென்ற புண். தொட்டால் ரத்தம், ஆனால் வலி இல்லை. எனக்குச் சந்தேகம் தட்டியது.

ஓரத்தைச் சுரண்டி, கண்ணாடியில் நசுக்கி, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். பெரிய செல்லுக்குள் குட்டி ஊக்குகள் மாதிரிக் கிருமிகள். புற்று இல்லை, கிரானுலோமா என்கிற மேகப்புண். யாரும் தேடாததால் யாருக்கும் அகப்படாத நோய். முத்தையா தப்பித்தான் என்பதைவிட, சர்ஜன் தோற்றார் என்பதுதான் எனக்கு முதலில் இனித்தது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். முகம் சுண்டிப்போகும் என்று பார்த்தால், மனுஷன் என் கையைப் பிடித்துக்கொண்டார்: "நல்லவேளை சார், நான் அறுத்திருப்பேன்."

மாலை

முத்தையாவின் மனைவியையும் வரவழைத்துப் பார்த்தேன், அவளுக்கும் தொடங்கியிருந்தது. இருவருக்கும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டுப் புண்ணை ஆற்றினேன். சில மாதம் கழித்து, முழுகாமல் இருக்கும் மனைவி, சொந்தபந்தம், ரோஜா மாலை, ஒரு முழு வஞ்சிரம் மீன் சகிதம் வந்தான். என் அறையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே போய் சர்ஜன் கழுத்தில் மாலையைப் போட்டான்.

அப்புறம் தனியாகப் பின்பக்கமாக வந்தான். "ஏப்பா, அறுக்க இருந்தவரு அவரு, காப்பாத்துனவன் நானு. மாலை அவருக்கா?" என்று கேட்டேவிட்டேன். முத்தையா தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "அவருக்குப் போட்டா, கட்டிய எடுத்தாருன்னு சொல்லிக்கிருவோம். ஒங்களுக்குப் போட்டா, எம் பொண்டாட்டிய ஊரு என்னங்கய்யா பேசும்?"

நியாயம் அவன் பக்கம்தான், ஆனாலும் அன்றைக்கு சர்ஜன் வீட்டு மீன்குழம்பு வாசம் தெருவெல்லாம் வந்தபோது என் வயிறு எரியாமல் இல்லை.