சனிக்கிழமை கோச்சிங்

பன்னிரண்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் கேள்வித்தாளைக் கையில் வாங்கினேன். எல்லாம் படித்த கேள்விகள்தான். ஆனால் மூச்சு முட்டியது, விரல்கள் மரத்துப் போயின. மணியடிக்கும் வரை பேனாவின் மூடியைக்கூடத் திறக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தேன். அதற்கும் பல வாரங்கள் முன்பே தூக்கம் போய்விட்டது. யாரிடம் சொன்னாலும், “சோத்துக்குக் கஷ்டமா, துணிக்குக் கஷ்டமா, படிக்கிற பொண்ணுக்கு இன்னா கவலை?” என்பார்கள். இப்படிக் கேட்டவர்களில் ஒருவர்கூட என் பதிலுக்காக நின்றதில்லை.

அம்மா நின்றாள். காக்களூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை அவளுக்கு. ஷிப்ட் முடிந்து வந்தவள் புடவைகூட மாற்றாமல் நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். அந்த வாரமே லீவு போட்டு, திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் கூட்டிப் போனாள். டாக்டர் மாத்திரை கொடுத்தார், சனிக்கிழமைதோறும் வந்து பேசச் சொன்னார். அதுவரை அம்மாவுக்கு இருந்த தைரியம் எங்கள் ஊரான வேப்பம்பட்டில் ரயிலை விட்டு இறங்கியதும் போய்விட்டது.

“யாரு கேட்டாலும் நீட் கோச்சிங்னு சொல்லிடு. ஊரு வாயில வுழுந்தா நாளைக்கு உன்ன யாரு கட்டுவா?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது தெரு முழுக்கச் சொல்லிக் கீழாநெல்லி தேடியவள் இவள்தானே! ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

பொய் நன்றாகவே ஓடியது. எவ்வளவு நன்றாக என்றால், பக்கத்து வீட்டுச் சித்தி அதில் தன் மகளைச் சேர்க்க வந்துவிட்டாள். ரத்த உறவில்லை, கூப்பிட்டுப் பழகிய சித்தி. மகள் பதினொன்றாம் வகுப்பு.

“அந்த கோச்சிங்ல எம் பொண்ணையும் சேத்து வுடுக்கா. உன் பொண்ணு மூஞ்சே தெளிஞ்சிக்கீது” என்றாள். அம்மா இடமில்லை என்றாள், தூரம் என்றாள். “நானே வந்து சாராண்ட கேக்கறேன்” என்று சித்தி மல்லுக்கு நின்றாள்.

என் முகம் தெளிந்தது உண்மை. அந்த நல்ல பெயரை, இல்லாத ஒரு கோச்சிங் சென்டர் தட்டிக்கொண்டு போவதா?

“கோச்சிங் இல்ல சித்தி. மனநல டாக்டராண்ட போய்க்கினு இருக்கேன். மாத்திர சாப்புடறேன். இப்போ நல்லா தூங்கறேன், படிக்கிறேன்” என்றேன்.

சித்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்?

வெள்ளிக்கிழமை சித்தி எங்கள் கேட்டுக்கு வெளியிலேயே நின்று குரல் கொடுத்தாள். “எம் பொண்ணாண்ட பேச வேணாம்னு உன் பொண்ணுகிட்ட சொல்லிடுக்கா. இவளுக்கும் ஒட்டிக்கப் போவுது.”

அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா ஈரக்கையோடு வெளியே போனாள்.

“இன்னாடி ஒட்டிக்கும்? எம் பொண்ணு செத்திருந்தா மாலையோட வந்து அழுதிருப்ப. உசுரோட இருக்கறதுக்கு வைத்தியம் பாத்தா ஒட்டிக்குமா? நாளைக்கும் இட்னுதான் போவேன். போ, போய் எல்லாராண்டயும் சொல்லு.”

தெருவில் நாலு கதவு திறந்தது. அம்மா குரலைத் தாழ்த்தவே இல்லை. எனக்கு அழுகையும் வந்தது, கைதட்டவும் தோன்றியது.

மறுநாள் காலை பிளாட்பாரத்தில் நின்றோம். சித்தியின் மகள் ஸ்பெஷல் கிளாசுக்குப் போக யூனிபார்மில் வந்து அம்மா பக்கத்தில் நின்றாள். பேசக் கூடாது என்று சொல்லியிருந்ததாலோ என்னவோ, என்னைப் பார்க்கவில்லை.

“பெரிம்மா, எனக்கும் தூக்கம் வர மாட்டேங்குது. செத்துடலாம்னு இருக்கு. எங்கம்மாவாண்ட சொல்ல பயமா இருக்கு.”

ரயில் வந்தது. “நீ போய் டாக்டரப் பாரு” என்று என்னை ஏற்றிவிட்டு, அம்மா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள்.

“வா, நான் வந்து சொல்றேன்.”

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு எங்கள் தெருப் பக்கம் நடந்தாள், சித்தி வீட்டுக்குத்தான்.