அணைக்குள் ஒரு எல்லைக்கல்

மேட்டூர் அணை நிரம்பினால் ஊரெல்லாம் பூத்தூவிக் கும்பிடும். தங்கசாமிக்கு மட்டும் வயிறு எரியும். அவருடைய நிலம் அணைக்குள் இருக்கிறதல்லவா! ‘அவருடைய’ என்று சொல்வது அவர் ஒருவர்தான். அணை கட்டியபோது அவர் பாட்டன் நஷ்டஈடு வாங்கிக்கொண்டு மேச்சேரிப் பக்கம் மேடேறி வந்து தொண்ணூறு வருஷத்துக்கு மேலாகிறது. ஆனால் கோடையில் தண்ணீர் வற்றி, முழுகிய ஊரின் கோயில் கல் தலைகாட்டினால் போதும், தங்கசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜமீன்தாராக இறங்கிவிடுவார்.

இந்தக் காவிரிக் கரையைக் கங்கன் ஆண்டான், சோழன் ஆண்டான், மைசூர்க்காரனும் வெள்ளைக்காரனும் ஆண்டார்கள். எல்லோரும் வரி வாங்கிவிட்டுப் போய்ச் சேர்ந்தார்கள். பரிசல் போட்டவர்களும் ஆடு மேய்த்தவர்களும் ராகி விதைத்தவர்களும் அப்படியே இருந்தார்கள். அந்தக் கூட்டத்தில்தான் தங்கசாமியின் முன்னோரும். அவரிடம் சொல்லிப் பாருங்கள்! ராஜாக்களெல்லாம் தன் பாட்டனிடம் உத்தரவு கேட்டுத்தான் ஆற்றைக் கடந்தார்கள் என்பார்.

இந்த வருஷமும் வற்றிய வண்டலில் ராகி போட்டார்கள். விதைத்தது, களை எடுத்தது, ஆட்டை விரட்டியது எல்லாம் மனைவி ராமாயி. தங்கசாமிக்கு வேறு வேலை இருந்தது. பக்கத்தில் விதைத்த பங்காளி ஜெயபிரகாஷ் பழைய எல்லைக்கல்லைத் தாண்டி ஒரு முழம் உழுதுவிட்டானாம். அரசாங்கத்துச் சேற்றில் ஒரு முழம்! அதற்காகப் பொழுதெல்லாம் கயிறு பிடித்து அளந்துகொண்டிருந்தார்.

கதிர் முற்றி நிற்கையில், கர்நாடகத்தில் மழை கொட்டித் தண்ணீர் திறந்துவிட்டதாக டிவியில் செய்தி வந்தது. ராமாயி அரிவாளைத் தீட்ட ஆரம்பித்தாள். வருஷச் சாப்பாடே அந்த ராகிக் காட்டில்தான் நின்றது. நல்லவேளையாக ஜெயபிரகாஷ் எங்கெங்கோ அலைந்து அறுப்பு மிஷின் ஒன்றைப் பிடித்து வந்தான்.

“அண்ணா, ரெண்டு காட்டையும் ஒண்ணாவே அறுத்துப்போடலாங்க. தண்ணி வந்துட்டே இருக்குது.”

“ஒண்ணாவா? பொறவு எது என்றது, எது உன்றதுன்னு எவன் கண்டான்? மொதல்ல கல்லுக்கு ஒரு வழி சொல்லு,” என்று தங்கசாமி மிஷினுக்கு முன்னால் போய் நின்றார்.

“அப்ப என்ற காட்டையாச்சும் அறுத்துக்கறனுங்க.”

“அந்த ஒரு முழத்துல டயரு பட்டுப்பாரு, தெரியும்!”

ஜெயபிரகாஷுக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “பட்டா என்ன பண்ணிப்போடுவீங்க?” என்று மல்லுக்கு நின்றான். மிஷின்காரர் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்.

“உங்க பஞ்சாயத்து முடியறதுக்குள்ள நான் நாலு காடு அறுத்துருவேன்,” என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

ராமாயி அரிவாளோடு இறங்கினாள். இடுப்பு ஒடிய அறுத்தும் ஒரு மூலைதான் முடிந்தது. தங்கசாமி கைகொடுத்தாரா? அவர் எல்லைக்கல்லில் நைலான் கயிற்றைக் கட்டி, மறுமுனையில் காலி டீசல் கேனைக் கட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் ஏறினாலும் கேன் மிதந்து எல்லையைக் காட்டுமாம். மனிதனுக்கு இப்படியும் புத்தி போகுமா!

மறுநாள் விடிந்தபோது முழங்கால் தண்ணீரில் ராகிக் கதிர்கள் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. மத்தியானம் அதுவும் இல்லை. இரண்டு காடும் போயின. ஒரு முழம் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ஆறு யாரையும் கேட்கவில்லை. கேன் மட்டும் கொஞ்ச நாள் மிதந்தது. பிறகு தண்ணீர் இன்னும் ஏறியது, கயிறு எட்டவில்லை, அதுவும் உள்ளே இழுபட்டுப் போனது.

தங்கசாமி கரையில் நின்று நெற்றியில் கைவைத்துத் தண்ணீரைக் கண்ணால் துழாவிக்கொண்டிருந்தார். தண்ணீர்க் குடத்தோடு வந்த ராமாயி நின்றாள்.

“ஏனுங்க, என்ன தேடறீங்க?”

“கல்லு இருக்கற எடமே தெரியலியே.”

“கல்லு எங்கீங்க போயிரும்? பத்திரமா அங்கயேதான் கெடக்கும். இந்த வருசம் அதையே கூழு காச்சிக் குடிச்சுக்கங்க.”