கிராஞ்சி பைப் பேண்டும் ஒரு கெட்டிமேளமும்

எங்கள் பைப் பேண்டின் வரலாற்றை யாராவது எழுதி வைக்க வேண்டும் என்று பல கூட்டங்களில் பேசியிருக்கிறோம். பேசியதோடு சரி. பெருமைப்பட அதில் பெரிதாக ஒன்றும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். கடைசியில் நானே எழுத உட்கார்ந்துவிட்டேன். நான் பெரிய டிரம் அடிப்பவள். எல்லோருடைய முதுகையும் பார்த்துக்கொண்டே நடக்கிறவள் என்பதால் எனக்கு யார்மீதும் பயபக்தி கிடையாது.

பேண்டை ஆரம்பித்தவர் சிங்கப்பூரின் கிளமெண்டியில் எங்கள் மேல்மாடிக்காரர். சீருடைப் பணியில், தோல்பையை அக்குளில் அமுக்கி ஊதும் பைப்பை ஊதி ஓய்வு பெற்றவர். பேண்டின் தலைவரைப் பைப் மேஜர் என்பார்கள். பேண்டே இல்லாத காலத்திலேயே அவர் தன்னை அப்படித்தான் சொல்லிக்கொண்டார். வீட்டிலேயே ஊதிப் பழகினார். ஒருநாள் எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து, துக்கப் பணம் போட்ட வெள்ளை உறை ஒன்றை அவர் கையில் வைத்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அவர்கள் பக்கத்தில் சாவுக்கு பேண்டு வைப்பது வழக்கம். அத்தோடு வீட்டில் ஊதுவதை நிறுத்தினார்.

கிராஞ்சியில் செடிப்பண்ணை வைத்திருக்கும் தமிழர் ஒருவர் பண்ணைக்குப் பின்னாலிருந்த கொட்டகையைக் கொடுத்தார். நாங்கள் அவரை முதலாளி என்போம். இசைமேல் அவருக்கு ஆசையெல்லாம் இல்லை. செடி வாங்க வருகிறவர்களிடம் "எங்க பேண்டு" என்று சொல்லிக்கொள்வதில்தான் ஆசை. சுற்றியிருந்த பண்ணைகளில் வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். தஞ்சோங் பகார் அலுவலகத்தில் கணினியைப் பார்த்துப் பார்த்துக் கடுப்பாகிப்போன நானும் சேர்ந்தேன். எதையாவது ஓங்கி அடிக்க வேண்டும்போல் இருந்தது எனக்கு.

பக்கத்து ஆட்டுப் பண்ணைக்காரர், பால் குறைகிறது என்று சண்டைக்கு வந்தார். "எங்க பையும் ஆட்டுத்தோலுதாங்க. சொந்தக்காரங்க குரல் கேட்டு ஏங்குதுங்க போல," என்றார் மேஜர். ஆட்டுக்காரர் அதற்குப் பிறகு எங்களோடு பேசுவதில்லை. ஆண்களுக்கான கட்டம்போட்ட பாவாடை பேண்டின் மரபு. அந்தக் கம்பளித் துணி விலைக்கு நாங்கள் எங்கே போவது? தேக்கா கடைத்தெருவில் கட்டம்போட்ட கைலிகளை வாங்கி மடிப்பு வைத்துத் தைக்கக் கொடுத்தோம். தையற்காரர் அளவெடுக்கும்போது வாயைப் பொத்திக்கொண்டே எடுத்தார்.

இதெல்லாம் சகிக்கத்தக்க அவமானங்கள். மேஜரால் சகிக்க முடியாதது ஒன்றே ஒன்றுதான். பைப்பில் தோள்மேல் சாய்ந்திருக்கும் மூன்று குழல்களுக்கு டிரோன் என்று பெயர். ஒத்து ஊதுவதுபோல விடாமல் முனகிக்கொண்டிருக்கும். பாட்டு தொடங்கும் முன் டிரம்காரர்கள் இரண்டு உருட்டு உருட்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் நிசப்தம். இரண்டாவது உருட்டில்தான் எல்லா டிரோன்களும் ஒன்றாக எழ வேண்டும். யாராவது அவசரப்பட்டுப் பையை அமுக்கினால், அந்த நிசப்தத்தில் ஒற்றை டிரோன் மட்டும் ஈனமாக ஒரு சத்தம் போடும். மேஜரைப் பொறுத்தவரை அது கொலைக்கு அடுத்த குற்றம். செய்தவர் அன்றைக்கு எல்லோருடைய தேநீர்க் கோப்பைகளையும் கழுவ வேண்டும். தான் மட்டும் வாழ்நாளில் ஒரு கோப்பைகூடக் கழுவியதில்லை என்பதை எங்களிடம் சொல்லாத வாரமே கிடையாது. எரிச்சலாக இருக்கும்.

போன ஆண்டு கொட்டகைக்கு ஆபத்து வந்தது. முதலாளியின் ஒரே மகள் அங்கே காப்பிக்கடை வைக்கத் திட்டம் போட்டிருந்தாள். கொட்டகை போனால் அடுக்குமாடி வீடுகளில் எங்கே போய் ஊதுவது? மேஜர் போய்க் கெஞ்சினார்.

"மக கல்யாணத்துல மாப்பிள்ளை அழைப்புக்கு வந்து ஊதுங்க," என்றார் முதலாளி. "நல்லா அமைஞ்சா கொட்டகை உங்களுக்கு. உங்களால சபையில எனக்கு மானம் போச்சுன்னா, அந்த வாரமே சாமானைத் தூக்கிட்டுக் கெளம்பிடணும்."

செடி ஏற்றும் லாரியில், தொட்டிகளுக்கு நடுவே பாவாடையை இழுத்துப் பிடித்துக்கொண்டு தேக்காவுக்குப் போனோம். மாப்பிள்ளை அழைப்பு பிரமாதம். சிராங்கூன் சாலையில் சுற்றுலாப் பயணிகள் எல்லாம் படம் பிடித்தார்கள். கொட்டகை தப்பித்தது என்று நான் கைப்பையிலிருந்த முறுக்கைக்கூட எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் சேதி வந்தது. எல்லை தாண்டி ஜொகூரிலிருந்து வர வேண்டிய நாதஸ்வரக் குழு கடற்பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டதாம். முகூர்த்தம் காத்திருக்குமா? குருக்கள் எங்களைப் பார்த்தார்.

"நான் விரலைக் காட்டுன உடனே சத்தம் வரணும்."

"வரும் சாமி. ஆனா ரெண்டு உருட்டு ஆகணும்."

"தாலி கட்டுற நேரத்துல என்னய்யா உருட்டு?"

"உருட்டு இல்லாம நாங்க ஊதுறதில்ல," என்றார் மேஜர். அந்தப் பிடிவாதத்துக்கு அவர் தலையிலேயே ஒரு அடி அடித்திருப்பேன். கையில் கட்டை வேறு இருந்தது.

குருக்கள் விரலை ஆட்டினார். "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" முதல் உருட்டை உருட்டினோம். மண்டபம் அதிர்ந்தது. அப்புறம் அந்த நிசப்தம். அதில் ஒரு சத்தம், மெலிதாக, நீளமாக, தொண்டை கிழிந்தாற்போல. பெண்ணுக்குப் பின்னால் நின்ற முதலாளி அழுதுகொண்டிருந்தார். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்திருக்கிறார் மனிதர். கெட்டிமேளத்தின் இரைச்சலில் யாருக்கும் கேட்காமல் அழுதுவிடலாம் என்று நினைத்திருக்கிறார். இரைச்சல் நடுவில் நிற்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? பிறகு இரண்டாவது உருட்டும் பைப்புகளும் எழுந்தன, தாலி ஏறியது, அட்சதை விழுந்தது.

பாட்டு முடிந்ததும் சொந்தக்காரர்கள் எல்லோரும் முதலாளியையே பார்த்தார்கள். அவர் முகம் சிவந்து எங்கள் பக்கம் திரும்பினார்.

"யாருய்யா அது, முன்னாடியே ஊதுனது?"

யாரும் ஊதவில்லை. எனக்குத் தெரியும், முதுகுகளைப் பார்த்துக்கொண்டு நின்றவள் நான். ஒரு பைகூட அசையவில்லை. இல்லை என்று சொன்னால் சபையில் அவர் மானம் போகும். ஆமாம் என்றால் எங்கள் கொட்டகை போகும்.

மேஜர் ஒரு அடி முன்னால் வந்தார். "நான்தான் முதலாளி. டிரோன் நழுவிடுச்சு. மன்னிச்சுக்குங்க."

சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். ஒருவர் பாவாடையைக் காட்டி ஏதோ சொன்னார். மேஜர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. கொட்டகை போனதற்கா, அவர் அப்படி நின்றதற்கா, தெரியவில்லை. லாரியில் திரும்பும்போது பாவாடையை இழுத்துப் பிடிக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த சனிக்கிழமை சாமான்களை எடுக்கப் போனோம். நான் டிரம்மைத் தூக்கும்போது மகள் வாசலில் வந்து நின்றாள். கையில் மருதாணி இன்னும் அழியவில்லை.

"ஆன்ட்டி, எங்க தூக்கிட்டுப் போறீங்க? வைங்க லா. கடையை நான் முன்பக்கம் போட்டுக்கிறேன்."

"அப்பா கெளம்பச் சொன்னாரேம்மா."

"அம்மா செத்தப்பகூட அப்பா அழுது நான் பாத்ததில்ல ஆன்ட்டி. எனக்கு கல்யாணம் ஆகிப் போறது அவருக்கு ஒண்ணுமே இல்லன்னு நெனச்சிட்டு இருந்தேன். ரியல் மேளக்காரங்க வந்திருந்தா அவர் அழுதது எனக்குக் கேட்டே இருக்காது."

நான் டிரம்மைக் கீழே வைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கை வேண்டியிருந்தது.

அந்தப் பக்கம் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த முதலாளி திரும்பிப் பார்க்காமலே சத்தம் போட்டார். "மேஜர்! இனிமேலாவது முன்னாடியே ஊதாம இருங்க!"

"சரிங்க முதலாளி," என்றார் மேஜர்.

சொல்லிவிட்டு, பைப்பை மேசைமேல் வைத்தார். கைலிப் பாவாடையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, குழாயடியில் உட்கார்ந்து எங்கள் கோப்பைகளை ஒவ்வொன்றாகக் கழுவ ஆரம்பித்தார். நாங்கள் யாரும் கிட்டே போகவில்லை. கொஞ்ச நேரத்தில் முதலாளி வந்து பக்கத்தில் நின்று கோப்பைகளை வாங்கித் துடைத்து அடுக்கினார். ஒன்று கை தவறி விழுந்து உடைந்தது. அதற்கும் மேஜரைத்தான் திட்டினார்.