மாமி கிறீம் வைத்த சட்டி

சின்ன வயதில் நான் மிக அதிகமாகப் பயந்த பொருள் எருமைத் தயிர். பேய்க்கும் பாம்புக்கும் பயப்படுகிற பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் என் தம்பி ஒரு வயதில் ஒரு கரண்டி பால்மாவைத் தின்றுவிட்டு, மூச்சு இழுக்க முடியாமல் நீலம் பாய்ந்து கிடந்ததை அவர்கள் பார்க்கவில்லை. அன்றிலிருந்து பால், தயிர், பட்டர் எதுவும் எங்கள் வாசற்படி தாண்டக்கூடாது என்று அம்மா சட்டம் போட்டுவிட்டார். தெருவெல்லாம் சட்டிச் சட்டியாய்த் தயிர் விற்கும் தேற்றாத்தீவில் இருந்துகொண்டு தயிர் இல்லாத வீடு! ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்?

ஐந்தாவது பிறந்தநாளுக்கு வெள்ளைக் கிறீம் பூசிய கேக்தான் வேண்டும் என்று தம்பி ஒற்றைக்காலில் நின்றான். அம்மா போனில் வீடியோ பார்த்துத் தேங்காய்ப்பாலில் கிறீம் அடிக்கப் பழகினார். தண்ணீர் விடாமல் பிழிந்த தலைப்பாலை இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மேலே கெட்டியாக ஒரு படை கட்டும். அதை மட்டும் வழித்தெடுத்து, ஐசிங் சீனி போட்டு அடிக்க வேண்டும். குளிர் விட்டுப்போனால் எவ்வளவு அடித்தாலும் சொதியாக ஓடும். அப்படி ஓடியதையெல்லாம் நானும் தம்பியும்தான் குடித்துத் தீர்த்தோம்.

பிறந்தநாளன்று காலையிலேயே கரண்ட் போய்விட்டது. அப்பாவின் அக்காவான மண்டூர் மாமி வாவி கடந்து வந்திருந்தார். அம்மா குளித்துக்கொண்டிருந்த நேரம், பெட்டியைத் திறந்து பார்த்த மாமி பதறிப்போனார்.

"ஐயோ கடவுளே, எல்லாம் இளகப்போகுதே!"

தான் பொரிவிளாங்காய் உருண்டை போட்டுக் கொண்டுவந்த மண்சட்டியை நன்றாகக் கழுவி, கெட்டிப்படையை அதில் மாற்றி, ஈரமணலில் இறக்கி, நனைந்த துணியால் மூடினார்.

"சட்டியில கிடந்தா குளுகுளு எண்டு கிடக்கும் புள்ள" என்றார் என்னிடம்.

எங்கள் பக்கத்தில் தயிர் தீர்ந்த சட்டியை யாரும் எறிவதில்லை. உப்புக்கும் புளிக்கும் பூக்கன்றுக்கும் அதுதான். அதில் முன்பு என்ன இருந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்கும் அது வெறும் சட்டியாகத்தான் தெரிந்தது.

பின்னேரம் கரண்ட் வந்தது. மாமி கோப்பையில் வழித்துக் கொடுத்ததை அம்மா மறுபடி குளிரவைத்து அடித்தார். பஞ்சுபோலப் பொங்கியது. அம்மா கேக்கை எடுத்துவரத் திரும்புவதற்குள் தம்பி விரலால் அள்ளி நக்கிவிட்டான்.

"அக்கா, நாக்கு கடிக்குது, அரிக்குது" என்றான் சற்று நேரத்தில்.

அவனுடைய உதடு என் கண்முன்னே தடித்தது. அம்மா ஓடிவந்து அவனைப் பார்த்தார், ஐசிங் சீனிப் பெட்டியைப் பார்த்தார், பிறகு மணலில் இருந்த வெறும் சட்டியை எடுத்து மூக்கருகே பிடித்தார். அப்படியே முகம் வெளுத்துப்போயிற்று. சட்டியை வைத்துவிட்டுத் தம்பியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு முச்சக்கர வண்டிக்கு ஓடினார். நானும் மாமியும் பின்னால் ஏறிக்கொண்டோம்.

"பேசு மனே, பேசிக்கொண்டே இரு" என்று வழியெல்லாம் அம்மா கெஞ்சினார். அவன் பேசினான். குரல் கரகரத்தது, பிறகு மெலிந்தது, பிறகு உதடு மட்டும் அசைந்தது. இனி இவனை அடிக்கவே மாட்டேன் முருகா, இவன் செத்துப்போகக்கூடாது என்று நான் மனதுக்குள் கத்திக்கொண்டே வந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். மெல்ல மெல்ல அவனுடைய நெஞ்சு ஒழுங்காக ஏறி இறங்கத் தொடங்கியது. வார்டுக்கு வெளியே நிலத்தில் குந்தியிருந்த மாமி அம்மாவின் கையைப் பிடித்தார்.

"மச்சாள், நான் என்னவும் செய்துபோட்டனா?"

"இல்ல மச்சாள். அந்த ஐசிங் சீனியிலதான் பால்மா கலந்திருக்கும் போல."

"அம்மா, சட்டி..." என்று நான் தொடங்கினேன். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளில் கண்ணீர் வந்துவிட்டது. வலியைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. சட்டியை மோந்து பார்த்த அம்மாவே சீனி என்கிறாரே, புத்தி பேதலித்துவிட்டதா? சட்டி வீட்டில்தானே கிடக்கிறது? நாளைக்கும் யாராவது அதில் எதையாவது வைத்தால் தம்பி என்ன ஆவான்? மாமி இரவே எங்கள் வீட்டுக்குப் போய்விட்டார். நான் வார்டில் தம்பியின் மூச்சைக் கேட்டபடி தூங்காமல் கிடந்தேன்.

மறுநாள் தம்பியோடு வீட்டுக்கு வந்தோம். கிணற்றடியில் அந்தச் சட்டி உடைந்து கிடந்தது. உடைந்தது என்றால், உரலில் போட்டு இடித்ததுபோல் தூள்தூளாக.

"பூனை தட்டிப்போட்டுது மச்சாள்" என்றார் மாமி, வேறெங்கோ பார்த்துக்கொண்டு. கண்கள் வீங்கியிருந்தன.

"ஓம் மச்சாள், இந்தப் பூனையால பெரிய கரைச்சல்தான்" என்று சொல்லி, மாமியின் பக்கத்தில் குந்தி, அம்மாவும் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார். இருவரும் அழுதார்கள். ஒரு சட்டிக்காக இப்படியும் அழுவார்களா என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் பூனைக்கு அன்று நல்ல அடி விழப்போகிறது என்று பயந்து, அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்தேன்.