பெடியனைக் கீழே இறக்கச் சொன்னவன்

பட்டியல் கைபேசிக்கு வந்தபோது நான் மைதானத்தின் கார் தரிப்பிடத்தில் இருந்தேன். முதல் அணியின் பெயர்களை இரண்டு தரம் வாசித்தேன். மகளின் பெயர் இல்லை. நான்தான் தவறவிட்டேனாக்கும் என்று விரலை வைத்து மூன்றாந்தரமும் வாசித்தேன். பிறகு இரண்டாம் அணியின் பட்டியலைத் திறந்தேன். அங்கே நாலாவதாக இருந்தாள்.

போன வருடம் பதினான்கு வயதில், தெரிவுப் பயிற்சி முடிந்ததும் பயிற்சியாளர் முதலில் கூப்பிட்ட பெயர் அவளுடையது. பாடசாலையின் முதல் ஹாக்கி அணிக்கு அவ்வளவு சின்ன வயதில் யாரையும் எடுத்ததாக ஞாபகமில்லை என்றார்கள். அன்றைக்கு லின்ஃபீல்டில் எங்கள் தெருமுனை டெய்ரிக் கடைக்காரருக்குக்கூட அதைச் சொல்லிவிட்டேன், பால் வாங்கப் போன இடத்தில், அவர் கேட்காமலே. இந்த வருடம் அவள் தடுமாறுகிறாள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பந்து வந்தால் ஒரு கணம் யோசித்து நிற்கிறாள். அந்த ஒரு கணத்தில் யாராவது வந்து பறித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஆனாலும் இறக்குவார்களா? பதினைந்து வயதுப் பிள்ளையை? கொஞ்சம்கூடப் பொறுக்காமல்?

இந்தக் கேள்வியைக் கேட்க உலகத்திலேயே தகுதி இல்லாத ஆள் நான்தான். ஏனென்று சொல்கிறேன்.

ஆக்லாந்துக்கு வருவதற்கு முன் இரண்டு பனிக்காலம் கனடாவில் அக்கா வீட்டில் இருந்தேன். அத்தான் பனித்தரை ஹாக்கிப் பைத்தியம். அந்தப் பைத்தியத்தை எனக்கும் தொற்றவைத்துத்தான் விமானம் ஏற்றினார். அவருடைய நகரத்து அணி வருடக்கணக்காகத் தோற்றுக்கொண்டே இருந்தது. அந்த விளையாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வருடமும் புது இளைஞர்களை அணிகள் முறைவைத்துத் தெரிவு செய்யும். படுமோசமாகத் தோற்ற அணிகளுக்கு முதல் வாய்ப்புக் கிடைக்கும். அப்படி எங்களுக்கு முதலாவது வாய்ப்புக் கிடைத்து, பதினெட்டு வயதுப் பெடியன் ஒருவனை எடுத்தார்கள். அவன் வந்தால் எல்லாம் மாறிவிடும் என்று அத்தான் தொலைபேசியில் குழந்தை மாதிரிக் குதித்தார்.

ஒன்றும் மாறவில்லை. பெடியன் விழுந்தான், எழும்பினான், திரும்ப விழுந்தான். பெரிய உடம்புக்காரர்கள் கிட்ட வந்தால் கண்ணை மூடிக்கொண்டு, அந்த ஆட்டத்தில் பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் வட்டை எங்கேயோ தட்டிவிட்டான். அவனை என்ன செய்வது என்பதுதான் இரண்டு வருடமாக எங்கள் பேச்சு. அத்தான் பொறுமைக் கட்சி. சின்னப்பிள்ளை, வளரட்டும், பிழை விட்டால்தான் படிப்பான் என்பார். நான் மறு கட்சி. கீழ்நிலை லீக்குக்கு அனுப்பவேண்டும், அங்கே போய் உதை வாங்கி வரட்டும் என்பேன். சும்மா சொல்லமாட்டேன், ஸ்டியரிங்கில் தட்டித் தட்டிச் சொல்வேன்.

ஸ்டியரிங் என்று ஏன் சொல்கிறேன் என்றால், இந்த வழக்காடல் முழுவதும் காருக்குள்தான் நடந்தது. அங்கே இரவு ஆட்டம் முடியும்போது இங்கே மறுநாள் பிற்பகல். நான் அதிகாலை வேலை முடித்து மகளைப் பயிற்சியில் இருந்து ஏற்றும் நேரம். அத்தான் போன் எடுப்பார், காரின் ஒலிபெருக்கியில் குரல் நிறையும், நாங்கள் தொடங்கிவிடுவோம். மகள் பக்கத்து இருக்கையில் காதில் எதையோ செருகிக்கொண்டு இருப்பாள். நாங்கள் தமிழில் கேட்டால் இங்கிலிஷில் பதில் சொல்லும் பிள்ளை. தமிழ் அவளுக்குச் சுவர் மாதிரி என்றுதான் நானும் மனைவியும் நினைத்திருந்தோம். அவளுடைய மார்க்ஸைப் பற்றிக்கூட அவளுக்கு முன்னாலேயே தமிழில் கதைப்போம். எங்களைப் போன்ற முட்டாள்களை எந்த ஊரிலும் காணமுடியாது.

அன்றைக்குப் பட்டியலைப் பார்த்த கையோடு காரைவிட்டு இறங்கி நேரே இரண்டாம் அணிப் பயிற்சியாளரிடம் போனேன். அவர் சம்பளம் வாங்காமல் பழக்குகிறவர், மலேசியத் தமிழர், இளமையில் தன் மாநிலத்துக்கு ஆடியவர். என் நண்பரும்கூட. பனியில் வழுக்கி விழுகிறதெல்லாம் ஒரு ஹாக்கியா என்று என்னைக் கிண்டல் செய்துகொண்டே பெடியனைப் பற்றிய சண்டையில் தானும் கலந்துகொள்வார். தண்ணீர் தெளித்த செயற்கைப் புல்லில் கூம்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். என் மகளை இறக்கியது யார், யாருடைய பிள்ளைக்கு இடம் தேவைப்பட்டது என்று கேட்டேன். மரியாதையாகக் கேட்கவில்லை.

அவர் கூம்புகளைக் கீழே வைத்தார். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"யாரும் இறக்கல அண்ணே. உங்க மகதான் வந்து கேட்டுச்சு. ரெண்டு வாரம் ஆச்சு. நீங்கதான் சொல்லி அனுப்புனீங்கன்னு நெனச்சேன் லா. எப்பவும் நீங்க பேசுறது அப்படித்தானே."

முதல் அணிப் பயிற்சியாளர் வேண்டாம் என்று மறித்தாராம். இவள் விடவில்லையாம். தன்னால் அணி தோற்கிறது, தன்னைக் கீழே போட்டால் எல்லாருக்கும் நல்லது என்று, அழாமல், பாடம் ஒப்புவிக்கிற மாதிரிச் சொன்னாளாம். அவர் சொல்லச் சொல்ல அந்த வார்த்தைகள் எனக்கு எங்கேயோ கேட்ட வார்த்தைகளாக இருந்தன. எங்கே என்று அந்த நேரம் பிடிபடவில்லை.

காருக்குத் திரும்பியபோது அவள் ஏறி இருந்தாள். மட்டையை மடியில் வைத்துப் பிடியின் நாடாவைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஏன் பிள்ளை இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். அவள் இங்கிலிஷில்தான் தொடங்கினாள். நான் சொன்னதைத்தான் செய்தாளாம். நான் எப்போது சொன்னேன்? ஆட்டம் முடிந்து அவள் வரும்போதெல்லாம், எவ்வளவு மோசமாக ஆடினாலும், நல்லா விளையாடினாய் என்றுதானே சொல்லியிருக்கிறேன்? பிள்ளையைத் திட்டாத தகப்பன் என்று எனக்குள் ஒரு பெருமையே இருந்ததே? அதைத்தான் சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"'பயந்தவனை மேல வச்சிருந்தா முழு டீமும் நாசமாப் போகும். கீழ இறக்கினாத்தான் திருந்துவான்' எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

தமிழில் சொன்னாள். தப்பில்லாத தமிழ். என்னுடைய தமிழ், என்னுடைய இழுப்பு, கடைசிச் சொல்லில் நான் கொடுக்கும் அழுத்தம்கூட அப்படியே இருந்தது. பதினைந்து வருடம் வளர்த்த பிள்ளையின் வாயில் இருந்து என் குரல் வந்தது. அது அந்தப் பெடியனைப் பற்றிக் கதைத்தது, உன்னைப் பற்றி அல்ல என்று ஒருவழியாகச் சொன்னேன். அவள் நம்பவில்லை. அம்மாவும் அப்படித்தானே செய்கிறவ என்றாள்.

அது உண்மை. எங்கள் வீட்டில் யாரும் யாரையும் நேரே குறை சொல்வதில்லை. சாடைதான். கழுவாத கோப்பை குசினியில் கிடந்தால் மனைவி என்னிடம் சொல்லமாட்டா. எனக்குக் காது கேட்கும் தூரத்தில் நின்று, கனடாவில் இருக்கும் என் அக்காவுக்குத் தொலைபேசியில், சில வீடுகளில் ஆம்பிளையளுக்குக் கண் தெரியாது மச்சாள் என்பா. நான் எழும்பிப் போய்க் கழுவுவேன். மகளின் அறை குப்பையாக இருந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அறையைப் புகழ்வா. மகள் போய் அடுக்குவாள். நாங்கள் பழக்கிய பழக்கம் அது. நேரே சொல்வது மரியாதைக்கு, பக்கத்தில் சொல்வதுதான் விஷயம் என்று பிள்ளை சரியாகத்தான் படித்திருக்கிறாள்.

ஆட்டத்தில் பந்தைத் தவறவிட்டுவிட்டு வந்து காரில் ஏறுவாள், நல்லா விளையாடினாய் என்பேன். அடுத்த நிமிடம் அத்தான் எடுப்பார். பெடியன் கிட்ட வந்தால் பயப்படுகிறான், யோசித்து நிற்கிறான், முதலாவதாக எடுத்தது வீண் என்று நான் கத்துவேன். இரண்டு வருடம். தான் கேட்கவேண்டும் என்றுதான் அப்பா ஒலிபெருக்கியில் போடுகிறார் என்று அவள் நினைத்திருக்கிறாள். அவள் ஒரு கணம் தயங்கி நிற்கத் தொடங்கியதே அப்படி நினைத்த பிறகுதானோ என்று யோசித்தேன். இதைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அத்தான் எடுத்தார். நான் பதில் சொல்லாமல் விட்டிருக்கலாம். பழக்கதோஷம், விரல் அழுத்திவிட்டது.

"தம்பி, நீ வெண்டிட்டாய். பெடியனை இண்டைக்கு இறக்கிப்போட்டாங்கள்."

எத்தனை நாளாக நான் கேட்டு நின்ற செய்தி. நல்லது என்றால் அது பக்கத்து இருக்கைக்குப் போகும். பாவம் என்றாலும் அங்கேதான் போகும். அவளிடம் நேரே எதைச் சொன்னாலும் அது மரியாதைக்குச் சொன்னதாகிவிடும். இருக்கிறாயோ தம்பி என்று அத்தான் இரண்டு தரம் கேட்டார்.

"அத்தான், நான் கதைச்சது முழுக்கப் பிழை," என்றேன். "அந்தப் பிள்ளை பயந்துபோய் நிண்டிருக்கு. அது விளங்காமல் நான் கத்திக்கொண்டு இருந்திருக்கிறன்."

அத்தான் சிரித்தார். உனக்குக் காய்ச்சலோ என்று கேட்டார். வென்றவன் தோற்றவன் மாதிரிக் கதைக்கிறாய் என்றார். அப்போது மகள் ஒலிபெருக்கிப் பக்கம் குனிந்தாள்.

"மாமா, கீழ போன ஆக்கள் திரும்பி வாறவையோ?"

பிறந்தநாளுக்கு ஹாயும் தேங்க்யூவும் தவிர அவள் வாயில் இருந்து அத்தான் எதையும் கேட்டதில்லை. வருவினம் பிள்ளை, ஓம், கனபேர் வருவினம் என்று தடுமாறினார். யார் வந்தது என்று அவள் கேட்டாள். அத்தானுக்கு ஒரு பெயரும் வரவில்லை. எனக்கும் வரவில்லை. அந்த அணியில் பத்து வருடமாக யார் எத்தனை கோல் போட்டான் என்று நித்திரையிலும் சொல்லக்கூடிய இரண்டு பேர் நாங்கள். கீழே அனுப்பப்பட்ட எவனையும் அதற்குப் பிறகு நாங்கள் பார்த்ததே இல்லை. அவன் போனான், சரி, அடுத்தவன் யார் என்று போய்விடுவோம்.

பிறகு எடுக்கிறேன் என்று அத்தானிடம் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். காரைக் கிளப்பினேன். சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது, இரண்டாம் அணிக்குச் சனிக்கிழமை எத்தனை மணிக்கு ஆட்டம் என்று கேட்டேன். எட்டரைக்கு, வெஸ்ட்கேட் பக்கம் என்றாள். அப்படியென்றால் ஏழரைக்கே நாங்கள் வெளிக்கிடவேண்டும் என்றேன்.

அவள் அதிர்ந்துபோய் என்னைப் பார்த்தாள். அன்றைக்கு நான் பார்த்த பட்டியலோ நண்பர் சொன்ன செய்தியோ அந்தப் பார்வை அளவுக்கு என்னை உலுக்கவில்லை.

"அதுக்கும் வருவீங்களோ அப்பா?" என்று கேட்டாள்.