ஹெட்லி பூசிய சிமெண்ட்

ஹெட்லி தர்லோ பிறந்ததும், மனைவியை அழைத்து வந்ததும், கிழவனானதும் இங்கிலாந்தில் எங்கள் சஃபோக் பக்கம் ஒரே பண்ணைவீட்டில்தான். அடுத்த பண்ணைக்காரன் நான், அலெக். அறுபது வருஷம் அவனோடு சண்டை போட்டவன் என்பதால், அவனைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

வீட்டைப் பற்றி ஆரம்பித்தால் அவன் வாய் ஓயாது. நானூறு வருஷத்துக்கு மேலான ஓக் மரச் சட்டம். ஓர் இரும்பாணி கிடையாது, எல்லாம் மர ஆப்புதான். எந்தக் கட்டை எதோடு சேரும் என்று பழைய தச்சன் உளியால் கீறிய எண்களை, வருகிறவர்களின் விரலைப் பிடித்துத் தடவ வைப்பான். கூரைக் கட்டைகளில் கரி படிந்திருக்கும். புகைபோக்கி கட்டுமுன் கூடத்தின் நடுவில் நெருப்பு மூட்டிய காலத்துக் கரி. "ராணி வீட்டுல கூட இவ்ளோ பழைய கரி கிடையாதுடா" என்பான். மாடு கறக்கிற நேரம் போக மீதியெல்லாம் இந்தப் பீற்றல்தான்.

அவன் மனைவி தெர்சாவுக்கு நெஞ்சு பலவீனம். கட்டைகளுக்கு நடுவே குச்சிப் பின்னலில் அப்பியிருந்த களிமண் சுருங்கி, சந்து வழியே கிழக்குக் காற்று வரும். சாப்பாட்டு மேஜையில் மெழுகுவர்த்திச் சுடர் ஆடாமல் நிற்காது.

"உன் நானூறு வருஷத்தைக் கொண்டுபோய் குப்பைல போடு. எனக்கு இருமாம ஒரு ராத்திரி தூங்கணும்" என்றாள் ஒருநாள்.

1967 கோடையில் அவன் சுண்ணாம்புப் பூச்சை உரித்துவிட்டு, வெளிச்சுவர் முழுக்க, மரத்தோடு சேர்த்து, சிமெண்ட் பூசினான். கலவை மிஷின் என்னுடையது. மணல் அள்ளிப் போட்டதும் நான்தான். ஊரில் பாதிப் பேர் அப்போது அதைத்தான் செய்தார்கள்.

அந்தக் குளிர்காலம் தெர்சா எங்கள் வீட்டாரைச் சாப்பிடக் கூப்பிட்டாள். "பாருங்க, அசையவே இல்ல!" என்று மெழுகுவர்த்தியைக் காட்டிக் கைதட்டினாள். ஹெட்லிக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இருமல் நிற்கவில்லை. வருஷா வருஷம் கூடியது. படுக்கையறைச் சுவரில் கருப்பாகப் பூஞ்சை பிடிக்கும். துடைப்பாள், திரும்ப வரும். எட்டாவது குளிர்காலத்தில் தெர்சா போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளைகள் இல்லை. "அவளுக்காக என்னால முடிஞ்சதைச் செஞ்சேன்டா" என்பான் ஹெட்லி. அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் முப்பது வருஷம் தனியாக இருந்தான்.

பிறகு மாடித்தரை ஒரு பக்கமாக இறங்கியது. பழைய வீடுகளைப் பழுதுபார்க்கிற நெவில் என்ற தச்சன் வந்தான். படுக்கையறைப் பக்கம் சிமெண்டை ஒரு சதுரம் உடைத்து, மூலைக்கட்டையில் உளியை வைத்தான். கேக்கில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது.

"எந்த மடையன் ஐயா இதைப் பூசினது? மரமும் மண்ணும் நனையும், காயும். அதுபாட்டுக்கு இருக்கும். சிமெண்ட் விரிசல்ல போன தண்ணி எப்படி வெளிய வரும்? உள்ளயே ஊறிக் கெடக்கு."

"நாங்கதான் பூசினோம்" என்றேன்.

ஹெட்லி மரத்தைப் பார்க்கவே இல்லை. "அப்போ ரூமுக்குள்ள சுவரும் ஈரமாத்தான் இருந்திருக்குமா?" என்று கேட்டான்.

"பின்ன? இதுக்குப் பக்கத்துல யாராவது படுத்திருந்தா..." நெவில் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"அவளுக்கு நெஞ்சு முன்னாடியே மோசம்டா. டாக்டரே சொன்னார்ல?" என்றேன். டாக்டர் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் எனக்கே அது பொய்யாகப் பட்டது.

"நீ வாய மூடு" என்றான்.

எழுபத்துமூன்று வயதில், தச்சனைத் தொடவிடாமல், அந்த ஒரு சுவரைத் தானே கொத்தி உரித்தான். நான் உதவப் போனேன். "நீ செஞ்ச உதவி போதும்" என்று திருப்பி அனுப்பினான். எனக்கு வலித்தது. வலிக்கட்டும் என்றுதான் சொன்னான்.

அக்டோபரில் ஒரு மத்தியானம் அவனே கூப்பிட்டான். கட்டிலில் தெர்சா படுக்கிற பக்கம், ஒரு முக்காலியில் மெழுகுவர்த்தி எரிந்தது. சுவர்ச் சந்துகளில் கிழக்குக் காற்று வந்தது. சுடர் சாய்ந்து சாய்ந்து ஆடியது.

"ஆடுது பாரு" என்றான். கண்ணீர் தாடையில் சொட்டியது. "இப்படியே விட்டிருக்கணும்டா, அலெக்."

அணைந்துவிடுமோ என்று நான் கையைக் குவித்துக்கொண்டு போனேன்.

"மறைக்காதடா" என்றான்.